எல்லைக்கு இருபுறமும் நால்வர்: விண்வெளிப் படத் தொடர்களிலிருந்து வந்த சுடும் ஆட்டங்களில் எதை வாங்குவது?

கேரள, தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் கணினிப் பழுதுபார்க்கும் கடைக்குப் பள்ளி, கல்லூரி விடுமுறை தொடங்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. இந்த முறை அதைக் கேட்டவர் சித்தூர் கல்லூரியில் படிக்கும் இளைஞர். சித்தப்பா பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளுமாக அவர்கள் நால்வர். ஒருவர் இங்கே, ஒருவர் பொள்ளாச்சியில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறார்கள். சிறு வயதில் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விண்வெளிப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், இப்போது இரவு ஒன்பது மணிக்குமேல் இணையத்தில் கூடி அந்தப் படங்களின் உலகத்திலேயே சேர்ந்து விளையாட விரும்புகிறார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் பெயர்கள் நான்கு: ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2, ஏலியன்ஸ் ஃபயர்டீம் எலீட், ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் எக்ஸ்டர்மினேஷன், பிரெடேட்டர் ஹண்டிங் கிரவுண்ட்ஸ்.

இதே குழப்பத்தில் இருக்கும் பலருக்கும் பயன்படட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன். படத்தின்மேல் உள்ள பாசத்தை வைத்து ஆட்டத்தை வாங்கியவர்களில் பாதிப்பேர் இரண்டாவது வாரத்திலேயே அதை மூடிவைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆட்டம் மோசம் என்பதால் அவர்கள் அதை விடவில்லை. அந்த ஆட்டம் கேட்ட ஆள்கணக்கும் கணினியும் இணைய இணைப்பும் அவர்களிடம் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியவை

ஆள்கணக்கைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். ஒரே நேரத்தில் உண்மையாகவே வந்து உட்காரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். வருவதாகச் சொன்னவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மூவருக்கென்று அமைந்த ஆட்டத்தில் நான்காவது ஆளுக்கு இடமே கிடையாது. ஒவ்வொரு நாளும் ஒருவர் வெளியே இருக்க நேர்ந்தால், கூடி விளையாடுவதற்காக வாங்கிய ஆட்டமே மனத்தாங்கலுக்குக் காரணமாகிவிடும்.

அடுத்தது, எதிரே நிற்பது மனிதரா, கணினியா என்பது. மனிதரோடு மோதும் ஆட்டத்தில் பிங் எனப்படும் தாமதம் வெற்றி தோல்வியையே மாற்றிவிடும். நீங்கள் சுவருக்குப் பின்னால் மறைந்த பிறகும் எதிராளியின் திரையில் இன்னும் வெளியே நிற்பீர்கள். கணினி இயக்கும் எதிரிகளோடு மோதும்போது அதே தாமதம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவிலேயே இருக்கும். எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இங்கிருந்து கோயம்புத்தூர் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில்தான் இருக்கிறது என்றாலும், இங்குள்ள இணைப்பும் அங்குள்ள இணைப்பும் வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு வழிகளில், ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வரை அடைகின்றன. ஒரே ஆட்டத்தில் இரண்டு வீடுகளிலும் பிங் எண் ஒன்றாக இருந்ததை நான் கண்டதில்லை.

மூன்றாவது, கரண்டும் கணினியும். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருக்கும் நமக்கு ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பனையோலை கம்பியில் விழுந்தால் போதும், தெருவே இருட்டாகிவிடும். நடுவில் அறுந்தால் எவ்வளவு இழப்பு என்பதும், எந்தக் கணினியில் ஓடும் என்பதும் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பத்து வயதுத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு எல்லா ஆட்டமும் பொருந்தாது.

| | பேட்டில்ஃபிரண்ட் 2 | ஃபயர்டீம் எலீட் | எக்ஸ்டர்மினேஷன் | ஹண்டிங் கிரவுண்ட்ஸ் |
|---|---|---|---|---|
| வெளியீடு | 2017 நவம்பர் | 2021 ஆகஸ்ட் | முழு வடிவம் 2024 அக்டோபர் | 2020 ஏப்ரல் |
| ஆள்கணக்கு | பெரும்போரில் 40, கூட்டு முறையில் 4 | 3 | 16 | 4 பேருக்கு எதிராக 1 |
| எதிரி | மனிதர், கணினி இரண்டும் | கணினி | கணினி | இரண்டும் கலந்து |
| கணினியும் கன்சோலும் (பிளேஸ்டேஷன் போன்ற ஆட்டக் கருவி) சேர்ந்து | முடியாது | முடியும் | முடியும் | முடியும் |
| அமெரிக்க வயதுத் தரம் | 13+ | 17+ | 17+ | 17+ |

ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2

ஒரு எச்சரிக்கையிலிருந்து தொடங்குகிறேன். இதே பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. ஒன்று 2005இல் பாண்டெமிக் ஸ்டூடியோஸ் உருவாக்கியது; மற்றொன்று 2017இல் டைஸ் நிறுவனம் முதன்மையாக உருவாக்கி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. தள்ளுபடியில் விலை குறைவாகத் தெரிகிறதே என்று பழையதை வாங்கிவிட்டு, படத்தில் பார்த்தது போல இல்லையே என்று வந்து நின்றவர்கள் உண்டு. ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

2017இன் ஆட்டம் வெளிவந்தபோது பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. முன்னேற்றத்துக்குத் தேவையான அட்டைகள், திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்ததால், பணம் கொடுத்தவர் பலம் பெறுவார் என்ற நிலை இருந்தது. விளையாடுவோரின் கோபம் அளவுகடந்தபோது, வெளியீட்டுக்கு முந்தைய நாளே பணம் செலுத்தும் வசதியை நிறுவனம் நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் முன்னேற்ற முறையையே மாற்றியமைத்தது. அதன் பிறகு காசு கொடுத்து வாங்கக்கூடியவை உடை, தோற்றம் போன்றவை மட்டுமே, வலிமை விளையாடித்தான் சேர்கிறது. பழைய கெட்ட பெயரைக் கேட்டு இன்றும் தயங்குபவர்கள் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம்.

2020 ஏப்ரலில் வந்த ஸ்காரிஃப் போர்க்களத்தோடு புதுச் சேர்க்கைகள் நின்றுவிட்டன. ஆனாலும் ஆட்டம் சாகவில்லை; 2025இல் பழைய ஆட்களும் புதியவர்களும் மறுபடி கூட்டமாகத் திரும்பினார்கள். அதன் பெரும்போர் முறையில் பக்கத்துக்கு இருபது பேர் வீதம் நாற்பது பேர் மோதுகிறார்கள். களத்தில் சேர்க்கும் புள்ளிகளைக் கொண்டு ஊர்தியையோ நாயக வீரரையோ எடுக்கலாம். துப்பாக்கிக்குத் தோட்டா தீராது, சூடுதான் ஏறும். சூடு உச்சிக்குப் போனதும் ஒரு சிறு பட்டையில் கோடு ஒன்று ஓடும், அதைச் சரியான இடத்தில் நிறுத்தினால் துப்பாக்கி அந்தக் கணமே குளிர்ந்துவிடும், தவறினால் நாலடி தூரத்தில் எதிரி நிற்கும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். இந்த ஒரு நொடிப் பழக்கம் கைக்கு வருவதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது, வந்த பிறகு விட மனம் வரவில்லை.

நால்வருக்கு இது பொருந்துவதற்குக் காரணம் 2019இல் சேர்க்கப்பட்ட கூட்டு முறை. நான்கு பேரும் ஒரே அணியாகக் கணினிப் படைகளை எதிர்க்கலாம், இடங்களைக் கைப்பற்றலாம். பிங் சற்று ஏறினாலும் ஆட்டம் கெடாது, அறிமுகமில்லாதவர்களின் வசவும் குறைவு. அதே ஆண்டு வந்த இன்ஸ்டன்ட் ஆக்‌ஷன் முறையில் தனியாகவும் கணினி வீரர்களோடு பழகலாம். பெரும்போருக்குப் போவதற்கு முன் களங்களின் சந்து பொந்துகளைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தது 60 ஜிபி இடம் வேண்டும். 40 எம்பிபிஎஸ் வேகம் முழுதாகக் கிடைத்தால் பதிவிறக்கம் மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை நம்பியிருந்தால் முப்பது நாள் ஆகும். ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் வாங்கினாலும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஈஏ கணக்கு ஒன்றும் அதன் செயலியும் தேவைப்படும். கணினிப் பதிப்பில் ஏமாற்று மென்பொருள் போடுபவர்களின் தொல்லை நெடுநாளாக இருக்கிறது. அதனால்தான் ரசிகர்களே கைபர் என்ற பெயரில் தனிச் சர்வர்களுக்கு வழி செய்திருக்கிறார்கள். ஒருவரிடம் கணினியும் மற்றொருவரிடம் பிளேஸ்டேஷனும் இருந்தால் அவர்கள் இதில் சேரவே முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆள்கணக்கு ஒரு நாள் இரண்டாகவும் ஒரு நாள் நான்காகவும் மாறும் குழுவுக்கும், சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கும், பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தை விரும்புபவர்களுக்கும் இதுவே மேலானது.

ஏலியன்ஸ் ஃபயர்டீம் எலீட்

கோல்ட் அயர்ன் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இந்த ஆட்டம் முதல் மூன்று படங்களின் நிகழ்ச்சிகளுக்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2202இல் நடக்கிறது. மூன்றே பேர், மூவரில் ஆள் குறைந்தால் இயந்திர மனிதர்கள் அந்த இடத்தை நிரப்புவார்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பணிகள். ஒரு பணி ஏறத்தாழ அரை மணி நேரம் எடுக்கும்.

நான் விளையாடியவற்றிலேயே படத்தின் உணர்வை மிக நெருக்கமாகக் கொண்டுவந்தது இதுதான். அசைவைக் காட்டும் கைக்கருவியின் டிக் டிக் ஒலி விரைவாகும்போது ஏலியன் எந்தக் குழாயிலிருந்து பாயப் போகிறது என்று தெரியாமல் மூவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்போம். பாய்ந்ததை அருகிலேயே சுட்டு வீழ்த்தினால் அதன் அமில இரத்தம் தரையில் தேங்கி நம் காலையே சுடும். ஆகவே தூரத்திலேயே தடுப்பது ஒருவர் வேலை, தானியங்கித் துப்பாக்கியை நிறுத்துவது ஒருவர் வேலை, காயத்தை ஆற்றுவது ஒருவர் வேலை என்று பிரித்துக்கொள்ளாமல் உயர்ந்த கடினநிலைகளில் ஒரு பணியைக்கூட முடிக்க இயலாது. பேச்சு இங்கே ஆயுதத்துக்குச் சமம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பதற்றத்தில் 'சோத்தாங்கைப் பக்கம்' என்று கத்துவார்கள். குழுவில் மலையாளம் பேசும் நண்பர் இருந்தால் அவர் திகைத்து நிற்கும் அந்த இரண்டு நொடியில் ஆள் விழுந்துவிடும். வலது, இடது, மேலே, பின்னால் என்று நான்கு பொதுச் சொற்களை முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

குறையும் வெளிப்படையானது. பணிகள் எண்ணிக்கையில் குறைவு. பணிக்கு முன் தேர்ந்தெடுக்கும் சவால் அட்டைகள் விதிகளை மாற்றிப் புதுமை தந்தாலும், வாரம் நான்கு இரவு விளையாடும் குழு இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் பலமுறை பார்த்துவிடும். 2022 ஆகஸ்டில் வந்த பாத்தோஜன் என்ற கூடுதல் பகுதி தனி விலை. அந்தச் சமயத்தில்தான் கணினியும் கன்சோலும் சேர்ந்து விளையாடும் வசதியும் வந்தது.

மாறாத மூவர் குழு, அதிலும் எல்லோரும் மைக்கில் பேசக்கூடியவர்கள் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். நால்வர் என்றால் இது உங்களுக்கு இல்லை. எவ்வளவு பிடித்திருந்தாலும் இல்லை.

ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் எக்ஸ்டர்மினேஷன்

1997இல் வந்த படத்தின் உலகத்தை எடுத்துக்கொண்டு ஆஃப்வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் உருவாக்கியது. 2023 மே மாதத்தில் முன்னோட்ட வடிவமாக விற்பனைக்கு வந்து, 2024 அக்டோபரில் முழுமை பெற்றது. படத்தில் ஜானி ரிக்கோவாக நடித்த காஸ்பர் வான் டீன் இதிலும் அதே பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார்.

பதினாறு பேர் இறங்கி, கனிமம் சேர்த்து, சுவரும் கோபுரமும் எழுப்பி, அலையலையாக வரும் பூச்சிப் படையைத் தடுக்க வேண்டும். செத்த பூச்சிகள் மறைந்துபோகாமல் களத்திலேயே கிடக்கும். சுவரோரம் அவை குவியக் குவிய, பின்னால் வருபவை அந்தக் குவியலின்மீதே ஏறிச் சுவரைத் தாண்டும். நீங்கள் கொன்றதே எதிரிக்குப் படியாக மாறுவதைக் காணும் அந்தக் கணத்தில், எங்கே நின்று சுட வேண்டும் என்பதும் ஒரு சிந்தனைக்குரிய முடிவாகிவிடுகிறது.

ஆனால் நால்வர் மட்டும் இறங்கினால் மீதி பன்னிருவர் அறிமுகமில்லாதவர்கள். அவர்கள் சுவரைப் பாதியில் விட்டுப் போனால் உங்கள் உழைப்பும் வீண். நூற்றுக்கணக்கான பூச்சிகள் ஒரே நேரத்தில் திரையில் ஓடுவதால் நான்கில் கணினியை மிகக் கடுமையாக வாட்டுவதும் இதுவே; கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருந்து பிராசசர் பழையதாக இருக்கும் கணினிகள் இதில் திணறுவதைக் கடையிலேயே பார்க்கிறேன். கணினிக்காகப் பணம் செலவழிக்க வேண்டி வந்தால் ஆட்டத்தின் விலை அதன் முன் ஒன்றுமே இல்லை. கல்லூரி விடுதியில் எட்டுப் பத்துப் பேர் நல்ல கணினிகளோடு இருந்தால் மட்டும் இதைத் தயங்காமல் எடுங்கள்.

பிரெடேட்டர் ஹண்டிங் கிரவுண்ட்ஸ்

இல்ஃபோனிக் உருவாக்கிய இந்த ஆட்டத்தில் நான்கு வீரர்கள் காட்டுக்குள் ஒரு பணியை முடிக்க வேண்டும். ஐந்தாவது ஆள் வேட்டைக்காரராக அவர்களைத் தொடர்வார். வீரர்கள் தங்கள் கண்வழியே பார்க்கிறார்கள். வேட்டைக்காரர் தன் உருவத்தைப் பின்னாலிருந்து பார்த்து மரத்துக்கு மரம் தாவுகிறார். உடல் வெப்பத்தைக் காணும் அவர் பார்வையிலிருந்து தப்ப, சேற்றை எடுத்து உடம்பில் பூசிக்கொள்ளலாம். அவரை வீழ்த்திய பிறகும் முடிவில்லை. அவர் கையிலுள்ள வெடிகருவியை இயக்கிவிட்டால் ஓடித் தப்ப வேண்டும்.

ஐந்து பேர் இருந்து வெளியாட்கள் சேராத தனியாட்டமாக வைத்துக்கொண்டால் இதற்கு ஈடான மகிழ்ச்சியை மற்ற மூன்றும் தராது, ஏனென்றால் வேட்டையாடுபவரும் வேட்டையாடப்படுபவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். எந்தத் தம்பி பயந்தால் எந்தப் பக்கம் ஓடுவான் என்று அண்ணனுக்குத் தெரியும். ஆட்டமும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், நடுவில் கரண்ட் போனாலும் இழப்பு சிறிது. பொதுச் சர்வரில் போனால் எல்லோருக்கும் வேட்டைக்காரராகவே ஆசை என்பதால் அந்த இடத்துக்குக் காத்திருப்பு நீளும். நால்வர் மட்டும் இருந்தால் ஐந்தாவது ஆளாக வருபவர் பல ஆண்டுகள் விளையாடித் தேர்ந்தவராக இருப்பார். முதல் வாரம் முழுக்க அவரிடம் தோற்கத் தயாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான செலவுகள்

ஒரு பிரதியை வாங்கி நால்வரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஸ்டீமின் குடும்பப் பகிர்வில் ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் விளையாட முடியாது. சேர்ந்து விளையாட ஆளுக்கொரு பிரதி வேண்டும். ஆகவே விலையை எப்போதும் நான்கால் பெருக்கிப் பாருங்கள், கோடையிலும் குளிர்காலத்திலும் வரும் பெரிய தள்ளுபடிக்குக் காத்திருங்கள். பிளேஸ்டேஷனில் இந்த நான்கையும் இணையத்தில் விளையாட பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும். கணினியில் அந்தச் செலவு இல்லை.

வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. இதை நன்கு பயன்படுத்துங்கள்: நால்வரில் யாருடைய கணினி மிகப் பழையதோ அவர் முதலில் வாங்கி ஓட்டிப் பார்க்கட்டும். அவர் திரையில் ஓடினால் மற்றவர்கள் வாங்கலாம். யூபிஎஸ் வாங்குபவர்கள் கணினிக்கு மட்டும் போட்டுவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்க இணையம் போய்விடும். மோடத்துக்கென்று தனியாக விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை மறக்காமல் சேர்த்து வாங்குங்கள்.

அந்த நால்வருக்கு நான் சொன்னது

ஏலியன்ஸ் அவர்களுக்கு மிகவும் பிடித்த படம் என்றாலும் அதை முதலில் விலக்கச் சொன்னேன், காரணம் நான்காவது ஆள். எக்ஸ்டர்மினேஷனைப் பொள்ளாச்சிக்காரரின் கணினி தாங்காது. ஹண்டிங் கிரவுண்ட்ஸுக்கு ஐந்தாவது ஆள் வேண்டும். மிஞ்சியது 2017இன் பேட்டில்ஃபிரண்ட் 2. மூவருடைய கணினிகள் அதற்குப் போதும்.

சிக்கல் கொழிஞ்சாம்பாறை இளைஞருடைய லேப்டாப். அதில் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லை. அவருக்காகத்தான் 2005இன் பழைய பேட்டில்ஃபிரண்ட் 2ஐப் பரிந்துரைத்தேன். அதன் இணைய ஆட்டம் பழைய சர்வர் சேவை மூடப்பட்டதால் நின்றுபோய், 2017 அக்டோபரில் மறுபடி உயிர்பெற்றது. இன்றைய எளிய லேப்டாப்பிலும் ஓடும். ஒரே வீட்டில் நாலு கணினிகளை ஒயரால் இணைத்தும் விளையாடலாம், இணையமே தேவையில்லை. உருவங்கள் கரடுமுரடாகத் தெரியும். ஆனால் விண்கலத்தை ஓட்டிப்போய் எதிரியின் கப்பலுக்குள் இறக்கி, இறங்கி நடந்து உள்ளிருந்தே அதை உடைக்கும் சுதந்திரம் 2017இன் ஆட்டத்தில்கூட இல்லை.

ஓணம் விடுமுறைக்கு நால்வரும் இங்கே வருவதாக இருக்கிறார்கள். அதுவரை பழையதை விளையாடட்டும், அதற்குள் லேப்டாப்புக்குப் பதிலாக ஒரு பழைய மேசைக் கணினியை நல்ல கிராபிக்ஸ் கார்டோடு தேடித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.